'இந்தக் கூரையைக் காப்பாத்த முடியுமாம்மா?' - ஓர் இளம் ஆர்க்கிடெக்ட்டும் 65 லட்ச ரூபாய்க் கேள்வியும்

அந்த இ-மெயில் வந்தபோது அவள் போரூர் பக்கம் ஒரு சைட்டில், மூன்றாவது மாடி சென்ட்ரிங் பலகை மேல் நின்றுகொண்டிருந்தாள். 'வாழ்த்துகள்' என்ற முதல் சொல்லைப் பார்த்ததுமே போனைப் பையில் போட்டுவிட்டாள். கீழே இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மீதியைப் படித்தாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருட எம்.ஆர்க் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். கூடவே செலவுப் பட்டியலும் இணைத்திருந்தார்கள். டீ ஆறும் வரை ரூபாயில் பெருக்கிக் கூட்டிப் பார்த்தாள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 65 லட்சம்.

அவளுடைய மாதச் சம்பளம் 18,000 ரூபாய்.

வயது 24. மதுரைப் பெண். அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். இந்த வீட்டில் 65 லட்சம் என்ற எண்ணை யாரும் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

பி.ஆர்க் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளஸ் டூ-வில் கணக்குப் பாடம், கூடவே 'நாட்டா' நுழைவுத் தேர்வு, அதன் பிறகு ஐந்து வருடம். அதில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி. செமஸ்டர் முடிவில் 'ஜூரி' என்று ஒன்று உண்டு. வெளியில் இருந்து வரும் ஆர்க்கிடெக்ட்டுகள் முன்னால் வரைபடங்களைச் சுவரில் மாட்டிவிட்டு, மூன்று நாள் தூங்காத கண்ணோடு நிற்க வேண்டும். மாடல் செய்யும் அட்டை, பசை, பிளேடு, பிரின்ட் என்று போகும் காசை எந்தக் கல்லூரியும் ஃபீஸ் ரசீதில் எழுதாது. அவளுடைய அப்பா நைட் டூட்டிக்குக் கிடைத்த பேட்டாவில் பாதி, ஐந்து வருடமும் ஃபோம் போர்டாகத்தான் மாறியது.

பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் இன்ஜினீயரிங்கை நான்கே வருடத்தில் முடித்து, சோழிங்கநல்லூரில் ஐ.டி கம்பெனிக்குப் போய்விட்டாள். சம்பளம் இவளைப்போல் இரண்டு மடங்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சித்தி இதைத் தவறாமல் நினைவுபடுத்துவார்.

ஆனால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. 1972-ம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ள முடியும். பட்டம் மட்டும் போதாது. அவளுக்குப் பதிவு எண் வந்த அன்று, அம்மா அந்தச் சான்றிதழின் ஜெராக்ஸ் ஒன்றைப் பூஜை அலமாரியில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்தப் பதிவு எண்ணோடு முதல் ஆறு மாதம் அவள் வரைந்தது கழிவறைகளை. மிகைப்படுத்தல் இல்லை. சின்ன அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதுதான் வேலை. டைல் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும், தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டம், கதவு எந்தப் பக்கம் திறக்கும். மதியத்துக்கு மேல் 2019-ம் வருடத்துக் கட்டட விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் எத்தனை அடி விட வேண்டும் என்று கணக்குப் போடுவாள். கல்லூரியில் அவள் கடைசி வருட தீசிஸாக வரைந்தது ஓர் அருங்காட்சியகம். அதற்குக் கூரை, பறவை இறக்கை விரித்ததைப்போல இருக்கும். அது எப்படி நிற்கும் என்று ஜூரியில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

முதலில் கேட்டவர் ஒரு மேஸ்திரி. விழுப்புரம் பக்கத்துக்காரர், 60 வயதைத் தாண்டியவர். அவள் வரைந்து கொடுத்த மாடிப்படி வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "மேடம், இங்க வந்து நில்லுங்க" என்றார். நின்றாள். கோடு அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. "படி திரும்புற எடத்துல பீம் இங்கதான் வருது. நீங்களே இடிச்சுக்குவீங்க. ஹவுஸ் ஓனர் என்னைவிட ஒசரம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று இரவு ஹாஸ்டலில் படியைத் திரும்ப வரைந்தாள். மறுநாள் மேஸ்திரி, "இப்ப சரிம்மா" என்றார். 'மேடம்' போய் 'அம்மா' வந்ததை அவள் ஒரு பதவி உயர்வாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது சம்பவத்தைத் திரும்ப வரைந்து சரி செய்ய முடியவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. அதை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். அளவெடுக்க அவளை அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். கூடத்தை அளக்கும்போது மேலே பார்த்துவிட்டு, "நீ இதுக்குத்தானே படிச்சிருக்கே? இந்தக் கூரையைக் காப்பாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார்.

அது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தின வாக்கில், கூடத்துக்கு மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. சென்னையின் பழைய வீடுகளில் பலவும் இப்படித்தான் வெயிலைத் தாங்கின. கல்லூரியில் இதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. ஒரே ஒரு படம் காட்டினார்கள். தேர்வில் 5 மார்க் கேள்வியாக வந்து, அவள் 4 வாங்கினாள்.

"பாத்துட்டுச் சொல்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அலுவலகத்தில் கேட்டதற்கு, "அதெல்லாம் இனிமே நிக்காதும்மா" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அது உண்மையா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. மறுத்துப் பேச ஒரு வாக்கியம்கூட அவளிடம் இல்லை.

வீடு எட்டு நாளில் தரைமட்டமானது. பழைய மரம் வாங்குகிறவர் வந்து சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலகூட கரையான் இல்ல" என்று சந்தோஷமாக விலை பேசினார். அவளும் அங்கேதான் நின்றிருந்தாள், கையில் புதிய கட்டடத்தின் பார்க்கிங் வரைபடத்தோடு.

இவ்வளவுக்கும் அந்த அமெரிக்க விண்ணப்பத்தை அவள் அனுப்பியது இதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அனுப்பினார்கள், இவளும் அனுப்பினாள். கழிவறைகளில் இருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை என்பதும் உண்மை. முதல் வேலை பிடிக்காதவர்களுக்கு மேற்படிப்பு ஓர் அவசர வழிக் கதவு மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பொறுமை அந்த நேரத்தில் இருப்பதில்லை.

ஏற்கெனவே அமெரிக்காவில் படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கும் கல்லூரி சீனியர் அக்கா ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். அந்த அக்கா வாழ்த்துச் சொல்லிவிட்டு, உடனே விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த ரெண்டு வருஷ கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான்டி. ஆனா இத முடிச்சா லைசென்ஸ் வந்துரும்னு நினைச்சுக்காத. நான் அப்படி நினைச்சுத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் 'நாப்' என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள தொழிற்பட்டம் வேண்டும். ஏற்கெனவே பி.ஆர்க் முடித்தவர்களுக்கென நடத்தும் இரண்டு வருட எம்.ஆர்க் படிப்புகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. அப்போது இந்தியப் பட்டத்தையே தனியாக மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். குறைகிற பாடங்கள் இருந்தால் அவற்றையும் படித்து முடிக்க வேண்டும். அதற்கு மேல் 3,740 மணி நேரப் பயிற்சி, 6 தேர்வுகள். எம்.ஆர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன என்பதே நம் ஊர் மாணவர்கள் பலருக்கு விமானம் ஏறிய பிறகுதான் தெரிகிறது. இடம் வாங்கித் தருகிற ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது அவசியமும் இல்லை.

"சரி, நீ எதுக்கு வர்றே? ஒரு வரில சொல்லு பாப்போம்" என்றாள் அக்கா.

அவளால் சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டு, விண்ணப்பத்தோடு அனுப்பிய ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸை எடுத்துத் திரும்பப் படித்தாள். இரண்டு பக்கம். கம்ப்யூட்டரில் வளைந்து நெளியும் கட்டடங்களைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். அதில் மயிலாப்பூர் கூரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வெளிநாடு போவதே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவளுடைய வகுப்பில் ஒருவன் ஜெர்மனி போனான். அவனுக்கு மரத்தால் பெரிய கட்டடங்கள் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த வேலை அங்கே நடக்கிறது. இரண்டு வருடம் வேலை பார்த்துக்கொண்டே மொழி படித்தான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனாலும், மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவைக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினான், போனான். அவனிடம் அந்த ஒரு வரி இருந்தது.

மதுரையில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானமாகக் கேட்கும். அவர்களிடம் இருக்கும் சொத்து ஒன்றுதான், அந்த வீடு. முக்கால் சென்ட் குறையாமல் இரண்டு சென்ட் இடத்தில், அப்பா பத்து வருடம் தவணை கட்டி முடித்த வீடு. அவள் ஊருக்குப் போன அன்று காலை, அப்பா வீட்டுப் பத்திரத்தை பீரோவில் இருந்து எடுத்து, மஞ்சள் பையில் போட்டு, டி.வி ஸ்டாண்டு மேல் தயாராக வைத்திருந்தார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த மஞ்சள் பையைப் பார்த்த பிறகு அவளால் இட்லியை விழுங்க முடியவில்லை.

"என் பணிக்கொடையும் இருக்குல்ல தாயி" என்றார் அப்பா.

"தம்பிக்கு?" என்று அம்மா அடுப்படியில் இருந்து கேட்டார். கேள்வி அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவை கோச்சடைக்கு அழைத்துப் போனாள். மேலக்கால் ரோட்டில், இப்போது தங்கும் விடுதியாக இருக்கிற அந்த இடம், 1970-களில் மதுரை கிளப்புக்காக இலங்கையின் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. கருங்கல் சுவர்கள், பழைய கட்டடங்களில் இருந்து எடுத்து வந்து வைத்த தூண்கள், மரநிழல். அப்பா அந்த வழித்தடத்தில் வருடக்கணக்கில் டிக்கெட் கிழித்திருக்கிறார். உள்ளே போனதில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம ஊர்க் கல்லுல்ல?" என்றார். காபி பில்லைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குத் திருச்சிக்குப் போயிட்டுத் திரும்பிரலாம்" என்றும் சொன்னார்.

காபி ஆறும் நேரத்தில் பாவாவின் கதையை அவருக்குச் சொன்னாள். 1919-ல் கொழும்பில் பிறந்தவர். படித்தது சட்டம். 1948-ல் பென்தோட்ட பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். லுனுகங்கா என்று பெயர். அதை அழகான தோட்டமாக மாற்றத் தொடங்கியபோதுதான், மனதில் இருப்பதைக் கட்டும் தொழில்நுட்பம் தன்னிடம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கொழும்பில் ஓர் ஆர்க்கிடெக்ட்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு லண்டன் போய்ப் படித்து, 1957-ல் ஆர்க்கிடெக்ட்டாகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38.

அப்பா விரல்விட்டு எண்ணினார். "அப்ப உனக்கு இன்னும் பதினாலு வருஷம் கெடக்கு."

சொந்தமாகத் தோட்டம் வாங்கும் வசதி இருந்தவருக்கு 38 வயது வரை காத்திருப்பது சுலபம்தான், நடத்துநர் மகளுக்கு அப்படி இல்லை. அவளுக்கும் அது தெரியும். அவள் பிடித்துக்கொண்டது வயதை இல்லை. முதலில் தோட்டம், அதில் ஒரு தடுமாற்றம், பிறகுதான் கல்லூரி என்கிற அந்த வரிசையை.

இந்தத் துறையில் இன்னொரு கதையும் உண்டு, எல்லா இளம் ஆர்க்கிடெக்ட்டுகளும் கேட்டுக் கேட்டுப் புளித்தது. 2018-ல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் பாலகிருஷ்ண தோஷி, 1950-களின் தொடக்கத்தில் பாரிஸில் லெ கார்புசியேவிடம் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார் என்பது. உண்மைதான். ஆனால், இதைச் சொல்லியே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பஸ் காசுகூடக் கொடுக்காத அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே கற்றுக்கொள்ள ஒரு கார்புசியே இருக்கிறாரா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஏப்ரல் 13-ம் தேதி இரவு, 'இடம் கொடுத்ததற்கு நன்றி, வர இயலவில்லை' என்று பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு அழுதாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த இரண்டு மாதம், நண்பர்கள் ஏர்போர்ட்டில் எடுத்துப் போட்ட படங்களுக்கெல்லாம் ஹார்ட் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூனில் வேலையை மாற்றினாள். புதுச்சேரியில் பழைய வீடுகளைச் செப்பனிடும் ஒரு சின்ன அலுவலகம். மொத்தம் நான்கு பேர். சம்பளம் 15,000. வாங்கிக்கொண்டிருந்ததைவிட 3,000 குறைவு. இதைக் கேட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாடகை கம்மியா இருக்குமா அங்க?" என்று மட்டும் கேட்டார். சித்திக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அங்கே முதல் வாரம் அவளை வரைய விடவில்லை. சுண்ணாம்பு நீற்றும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை துப்பட்டாவில் இருந்து போகவே இல்லை. மூன்றாவது மாதம், ஒரு வீட்டின் மெட்ராஸ் டெரஸில் உளுத்துப்போன இரண்டு சட்டங்களை மட்டும் மாற்றினார்கள். கீழே இருந்து முட்டுக் கொடுத்து, மேலே இருக்கும் செங்கல் வரிசை கலையாமல், ஒரு சட்டத்துக்கு இரண்டு நாள். அவள் ஏணியில் நின்று பார்த்தாள். மயிலாப்பூரில் அந்தக் கூரையைக் காப்பாற்றியிருக்க முடியும். அது இப்போது அவளுக்குத் தெரியும். பாட்டியின் போன் நம்பரை அன்று வாங்கிவைக்கவில்லை.

மேற்படிப்பை அவள் விட்டுவிடவில்லை. இந்த முறை கேட்பதற்குக் கேள்விகள் இருக்கின்றன. பழைய சுவர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை உடைக்காமல் எப்படிச் சோதிப்பது, சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஒட்டாமல் பிரிவது ஏன், ஒரு தெருவையே காப்பாற்றச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது. டெல்லியிலும் போபாலிலும் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்டு ஆர்க்கிடெக்சரில் கட்டடப் பாதுகாப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 'கேட்' தேர்வில் ஆர்க்கிடெக்சர் அண்டு பிளானிங் தாளில் தகுதி பெற்றுச் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டிலேயே படிப்பது என்றால் 'சீட்டா' நுழைவுத் தேர்வும் இருக்கிறது. 12,400-ல் டெல்லியில் சொகுசாக வாழ முடியாது. ஆனால், மஞ்சள் பை தேவைப்படாது.

'கேட்' பிப்ரவரியில். இரவு 10 மணிக்கு மேல் படிக்கிறாள். பாதி நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறாள். கிடைக்குமா என்பது தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் எழுதுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அதற்குள் ஜாதகக் கட்டைத் தூசு தட்டியிருக்கிறார். அது ஒரு தனிப் போராட்டம்.

போன ஐப்பசி மழையில் மதுரை வீட்டுக் கூடத்தில் ஒழுகியது. லீவில் வந்திருந்தவள், மொட்டை மாடியில் ஏறி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தடவிப் பார்த்தாள். ஒரு மயிரிழை விரிசல். அப்பா கீழே இருந்து குடையோடு கேட்டார்:

"என்ன தாயி, தளத்தையே மாத்தணுமா?"

"வேணாம்ப்பா. ஒரு சட்டி சுண்ணாம்பு போதும். மழை விடட்டும்."